தெரியாத பெயர்களுக்காகச் சிறை சென்ற துப்பறிவாளர்

1951 ஜூலை 9ஆம் திகதி நியூயோர்க் நகரின் ஃபோலி சதுக்கத்தில் உள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் 57 வயதான ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். நெடிய உருவம், மிகவும் மெலிந்த உடம்பு, வெண்மையாக நரைத்த தலை. அரச தரப்புச் சட்டத்தரணி ஒரு கூட்டக் குறிப்பை நீட்டி, அதிலுள்ள இரண்டு முதலெழுத்துகளும் அவர் இட்டவையா என்று கேட்டார். பதில் சொல்ல மறுத்தார். ஒரு பிணை நிதியின் நம்பிக்கைப் பொறுப்பாளர்களில் அவரும் ஒருவரா என்று கேட்கப்பட்டது. அதற்கும் மறுத்தார். அந்த நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார், பிணையில் போய்த் தலைமறைவான நான்கு பேரும் எங்கே என்று கேட்கப்பட்டது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் வற்புறுத்த முடியாது என்ற அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் அதே மறுப்பைச் சொன்னார். நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் பெயர் டஷீல் ஹமெற். சாம் ஸ்பேட் என்ற தனியார் துப்பறிவாளரைப் படைத்த எழுத்தாளர். 1941இல் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்து வெளிவந்த ‘த மோல்டீஸ் ஃபல்கன்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு ஸ்பேடைத் தெரிந்திருக்கும். களைத்துப்போன, எவரையும் எளிதில் நம்பாத, ஆனாலும் தன் தொழிலுக்கென்று ஒரு நியாயம் வைத்திருக்கும் துப்பறிவாளர்கள் திரையிலும் நாவல்களிலும் இன்றுவரை வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஹமெற்றின் பரம்பரை. ஊடகக் கற்கை படித்த காலத்தில் அந்தப் படத்தை ஒளியமைப்புக்கும் நிழலுக்கும் உதாரணமாகத்தான் எங்களுக்குக் காட்டினார்கள். அந்தக் கதையை எழுதியவர் சிறைக்குப் போனவர் என்பதைப் பிறகு வேறொரு புத்தகத்தின் அடிக்குறிப்பில்தான் கண்டேன். என்னை இழுத்தது அந்த அடிக்குறிப்புத்தான்.

ஏனென்றால் ஹமெற் எழுத வருவதற்கு முன் உண்மையிலேயே துப்பறிவாளராக இருந்தவர். ஆட்களுக்குத் தெரியாமல் அவர்களைப் பின்தொடர்வது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்ப்பது, பெயர்களைச் சேர்த்து அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவது. அவருடைய இளமைக்காலத் தொழிலே இதுதான். பெயர்களைச் சேகரித்துச் சம்பளம் வாங்கிய ஒருவர், வயதான காலத்தில் பெயர்களைச் சொல்ல மாட்டேன் என்று ஏன் சிறைக்குப் போனார்? இந்தக் கேள்வி நம்மை 1917இல் ஒரு சுரங்க நகரத்தில் நடந்த கொலைக்குக் கொண்டுபோகிறது.

ஹமெற் 1894 மே 27ஆம் திகதி மேரிலாந்து மாநிலத்தின் செயின்ற் மேரிஸ் பகுதியில் ஒரு பண்ணையில் பிறந்தார். வளர்ந்தது பால்ற்றிமோர் நகரத்தில். தகப்பனாரின் உழைப்பு வீட்டுக்குப் போதவில்லை. 14 வயதளவில் பள்ளிக்கூடத்தை விட்டு ரயில் கம்பனியில் ஓடும்பிள்ளையாகச் சேர்ந்தார். பிறகு துறைமுகத்தில், தொழிற்சாலையில் என்று எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. 1915இல், 21 வயதில், பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தின் பால்ற்றிமோர் கிளையில் வேலை கிடைத்தது. கிளை இருந்த கட்டடத்தின் பெயர் கொன்ரினென்ரல். பின்னாளில் அவருடைய கதைகளில் வரும் துப்பறியும் நிறுவனத்துக்கும் அதுவே பெயராகிறது.

பிங்கர்டன் நிறுவனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இதைத் தொடங்கிய அலன் பிங்கர்டன் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் பீப்பா செய்த தொழிலாளி. அங்கே தொழிலாளருக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய சாட்டிஸ்ட் இயக்கத்தில் இருந்தவர். 1842இல் அமெரிக்காவுக்குப் போய், சில ஆண்டுகளில் சிக்காகோவில் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தார். திறந்த ஒற்றைக் கண்தான் அதன் சின்னம். தனியார் துப்பறிவாளரை ஆங்கிலத்தில் தனிக்கண் என்று அழைக்கும் வழக்கத்தை அந்தச் சின்னத்தோடு தொடர்புபடுத்துவார்கள். திருடர்களைப் பிடிக்கத் தொடங்கிய நிறுவனத்துக்கு வேறொரு வருமானம் பெருகியது. தொழிற்சங்கங்களுக்குள் ஆள் வைக்க முதலாளிமார் பணம் கொடுத்தார்கள். உரிமை கேட்டு இயக்கம் நடத்தியவர் உருவாக்கிய நிறுவனம், உரிமை கேட்டவர்களை உளவு பார்த்துக் காசு சம்பாதித்தது.

1870களில் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஜேம்ஸ் மக்பார்லண்ட் என்ற பிங்கர்டன் ஆள் வேறு பெயரில் ஐரிஷ் தொழிலாளரோடு சேர்ந்து பழகினார். அவர்களோடு ஒன்றாகக் குடித்தார், சாப்பிட்டார். பிறகு நீதிமன்றத்தில் ஏறி ஆட்களை அடையாளம் காட்டினார். அந்த வழக்குகளில் மொத்தம் 20 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தலையாட்டி என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. இவர் சாக்குப் போடாத தலையாட்டி. 1892இல் ஹோம்ஸ்ரெட் என்ற ஊரில் கார்னகி உருக்குத் தொழிற்சாலையின் வேலைநிறுத்தத்தை உடைக்க 300 பிங்கர்டன் ஆட்கள் ஆற்றுவழியாகப் படகுகளில் இறக்கப்பட்டார்கள். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. ஹமெற் சேர்ந்த காலத்தில் அமெரிக்கத் தொழிலாளர் குடும்பங்களில் பிங்கர்டன் என்பது ஒரு வசைச்சொல்.

இனி மொன்டானா மாநிலத்தின் பியூற் நகரம். மலையே செம்பாக இருந்த இடம். அனகொண்டா செப்புக் கம்பனிதான் அங்கே அரசாங்கம் மாதிரி. மாநிலத்தின் முக்கியமான பத்திரிகைகள்கூட அதன் பிடியில் இருந்தன. 1917 ஏப்ரலில் அமெரிக்கா உலகப்போரில் இறங்கியதும் செம்பின் தேவை கூடியது. ஜூன் 8ஆம் திகதி இரவு, கிரனைற் மவுண்டன் சுரங்கத்தில், கீழே இறக்கிய மின்கம்பியின் உறையில் ஒரு மேற்பார்வையாளரின் விளக்குச் சுடர் பட்டுத் தீப்பிடித்தது. சுரங்கப் பாதைகளின் ஊடே நச்சுப்புகை பரவியது. தடுப்புச் சுவர்களில் இருக்கவேண்டிய இரும்புக் கதவுகள் இருக்கவில்லை, கொங்கிரீற்றால் அடைக்கப்பட்டிருந்தன. ஓடிவந்தவர்கள் அந்தச் சுவர்களில் முட்டிச் செத்தார்கள். இறந்தவர்கள் 168 பேர். காற்று முடியும்வரை உயிரோடிருந்த சிலர் மனைவிமாருக்குத் துண்டுக் காகிதங்களில் எழுதி வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் கடினப் பாறைச் சுரங்கங்களில் நடந்த விபத்துகளில் மிகப் பெரியது இது.

சில நாட்களிலேயே சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்களுக்கு உதவ ஜூலை நடுப்பகுதியில் பிராங்க் லிற்றில் வந்து சேர்ந்தார். உலகத் தொழிற்றுறைத் தொழிலாளர் சங்கம் என்ற அமைப்பின் முன்னணி அமைப்பாளர். வயது நாற்பதுக்குள். ஏற்கெனவே கால் முறிந்திருந்ததால் ஊன்றுகோலோடுதான் நடந்தார். இந்தப் போர் முதலாளிமாரின் போர், தொழிலாளி அதற்குப் போகக்கூடாது என்று மேடையில் வெளிப்படையாகப் பேசினார். ஓகஸ்ட் 1ஆம் திகதி அதிகாலை மூன்று மணியளவில் ஒரு கறுப்புக் காரில் முகமூடி அணிந்த ஆறு பேர் அவர் தங்கியிருந்த விடுதிக்கு வந்தார்கள். உள்ளாடையோடு அவரை இழுத்துப் போனார்கள். நகரத்துக்கு வெளியே ஒரு ரயில் பாலத்தில் அவர் உடல் தொங்கியது. உடம்பில் ஒரு காகிதம் குத்தப்பட்டிருந்தது. 3-7-77 என்ற இலக்கம், மற்றவர்களுக்கான எச்சரிக்கை, அதன் கீழே சில முதலெழுத்துகள். அடுத்து யார் யார் என்பதற்கான பட்டியல் அது என்று ஊர் விளங்கிக்கொண்டது. பெயர்ப்பட்டியல் என்றால் என்னவென்று இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். பியூற் நகரம் அதற்கு முன் அப்படியொரு ஊர்வலத்தைக் கண்டதில்லை. சமஷ்டிப் படையினர் ஊருக்குள் வந்தார்கள், கொலையாளிகளைப் பிடிக்க அல்ல. அடுத்த ஆண்டு மொன்டானாவும் பின்னர் சமஷ்டி அரசும் போருக்கு எதிராகப் பேசுவதையே குற்றமாக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தன.

இந்தக் கொலைக்கும் ஹமெற்றுக்கும் என்ன தொடர்பு? வேலைநிறுத்தத்தை உடைப்பதற்காகத் தான் பியூற்றுக்கு அனுப்பப்பட்டதாகவும், பிராங்க் லிற்றிலைக் கொல்வதற்கு அனகொண்டா கம்பனியின் அதிகாரி ஒருவர் தனக்கு 5,000 டொலர் தர முன்வந்ததாகவும், தான் மறுத்ததாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சொன்னது, முப்பது ஆண்டுகள் தன் துணைவியாக இருந்த நாடகாசிரியர் லிலியன் ஹெல்மனிடம். அதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார் என்றும், அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ளும் திறப்பு அதுதான் என்று தான் நினைத்ததாகவும் ஹெல்மன் எழுதினார். இதை நம்புவதா என்ற விடயத்துக்குப் பிறகு வருகிறேன். சந்தேகமில்லாத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். லிற்றில் கொல்லப்பட்ட பிறகும் ஹமெற் பிங்கர்டனில்தான் இருந்தார்.

1918இல் இராணுவத்தில் சேர்ந்தார். மேரிலாந்து முகாம் ஒன்றில் அம்புலன்ஸ் பிரிவு. கடல் கடக்கவே இல்லை. முகாமிலேயே ஸ்பானிய காய்ச்சல் பிடித்து, அதிலிருந்து கசநோய் வந்தது. 1919இல் இராணுவத்தை விட்டு வெளியேறி மறுபடியும் பிங்கர்டன், இம்முறை மேற்கே ஸ்போக்கேன் நகரத்துக் கிளை. நோய் திரும்பியது. 1920 கடைசியில் ரக்கோமாவில் வைத்தியசாலையில் கிடந்தபோது அங்கே தாதியாக இருந்த ஜோசபின் டோலனைக் கண்டு காதலித்தார். ஜோசபின் மொன்டானாக்காரி, அனகொண்டா கம்பனியின் பெயரைக் கொண்ட ஊரில் வளர்ந்தவர். 1921 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் கலியாணம். அங்கேயும் சில மாதங்கள் பிங்கர்டனில் வேலை செய்துவிட்டு, உடல் ஒத்துழைக்காததால் விலகினார். மனச்சாட்சிதான் அவரை விலக்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் விலக்கியது நுரையீரல்.

நோயாளி, கையில் குழந்தை, சிறிய இராணுவ ஓய்வூதியம். அப்போதுதான் எழுத ஆரம்பித்தார். ‘பிளக் மாஸ்க்’ என்ற மலிவு சஞ்சிகையில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. 1923 ஒக்டோபரில் பெயரே சொல்லப்படாத ஒரு துப்பறிவாளரின் முதல் கதை வந்தது. குள்ளமான, தடித்த, நடுவயதுக் கம்பனி ஊழியர். அதுவரை துப்பறியும் கதை என்றால் மாளிகை, நூலக அறை, பிணம், ஒரு மேதை. ஹமெற்றின் ஆள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்; மழையில் தெருவோரம் நிற்பவர்; அறிக்கை எழுதுபவர். அறிக்கை எழுதிப் பழகிய கைதான் அந்த நடைக்குக் காரணம் என்பது என் எண்ணம். நடந்தது என்ன, யார் எங்கே நின்றார், அவ்வளவுதான். யார் என்ன நினைத்தார் என்று சொல்வதற்கு அந்த அறிக்கைகளில் இடமில்லை.

1929இல் அவருடைய முதல் நாவல் ‘ரெட் ஹார்வெஸ்ட்’, அதாவது சிவப்பு அறுவடை, நூலாக வந்தது. பியூற்றைப் பார்த்து எழுதப்பட்ட ஒரு சுரங்க நகரம். ஊழலை வெளியிட்ட பத்திரிகை உரிமையாளர் ஒருவர் துப்பறிவாளரை வரவழைக்கிறார். சந்திப்பதற்கு முன்பே சுட்டுக் கொல்லப்படுகிறார். அவருடைய தகப்பன்தான் ஊரின் சுரங்கத்துக்கும் வங்கிக்கும் பத்திரிகைகளுக்கும் சொந்தக்காரர். ஒரு வேலைநிறுத்தத்தை உடைக்க அவர் வெளியிலிருந்து துப்பாக்கிக்காரரைக் கொண்டுவந்தார். தொழிலாளர் தோற்றுப்போனார்கள். ஆனால் வந்த துப்பாக்கிக்காரர் திரும்பிப் போகவில்லை, ஊரையே பங்குபோட்டுக்கொண்டார்கள். இந்த வரலாறு முழுவதையும் துப்பறிவாளருக்குச் சொல்பவர் ஒரு தொழிற்சங்கக்காரர், பிராங்க் லிற்றிலின் அமைப்பைச் சேர்ந்தவர். சொல்லிவிட்டுச் சீக்கிரமே கதையை விட்டுப் போய்விடுகிறார்.

நான் இந்த நாவலை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவைதான் ஒன்று உறைத்தது. துப்பறிவாளர் ஊரைச் சுத்தப்படுத்துகிறார், ஆனால் யாருடைய காசில்? வேலைநிறுத்தத்தை உடைத்த அதே கிழவனின் காசில். ஒரு கும்பலை இன்னொன்றோடு மோதவிட்டு, பிணங்கள் எண்ணிக்கையில்லாமல் விழுகின்றன. தனக்கே கொலையில் ருசி ஏறிவிட்டதோ என்று அவர் பயப்படுகிறார். முடிவில் படையினர் வர, ஊர் பழையபடி அந்தக் கிழவன் கையில் ஒப்படைக்கப்படுகிறது. தொழிலாளருக்கு என்ன நடந்தது என்று நாவல் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இது ஹமெற்றின் கவனக்குறைவு என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. கூலிக்குத் துப்பறிபவர் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவைத்தான் அவர் எழுதினார், அது எவ்வளவு குறைவானது என்று தெரிந்தே எழுதினார்.

‘த மோல்டீஸ் ஃபல்கன்’ 1930இல் வந்தது, ‘த தின் மேன்’ 1934இல். புகழும் பணமும் கொட்டின. ஹொலிவூட், மது, சூதாட்டம், பெண்கள். மனைவியையும் இரண்டு மகள்மாரையும் விட்டுப் பிரிந்தே வாழ்ந்தார். 1930இல் ஹெல்மனைச் சந்தித்தார். 1934க்குப் பிறகு அவர் ஒரு நாவலும் வெளியிடவில்லை. அப்போது அவருக்கு வயது 40. அந்த மௌனத்துக்கு மது, நோய், பணம் என்று பல காரணம் சொல்லப்படுகிறது. எழுத்து நின்ற இடத்தில் அரசியல் தொடங்கியது என்பது மட்டும் தெளிவு. ஸ்பெயின் குடியரசுக்காக நிதி சேர்த்தார், திரைக்கதை எழுத்தாளர் சங்கத்துக்காக வேலை செய்தார், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகள் வெளிவந்தபோதும் கட்சியை விமர்சித்து அவர் பகிரங்கமாக வாய் திறக்கவில்லை. அவருடைய வாழ்வில் நான் நியாயப்படுத்த முடியாத பகுதி அது.

1942 செப்ரெம்பரில், 48 வயதில், பழுதான நுரையீரலோடு மறுபடி சாதாரண சிப்பாயாக இராணுவத்தில் சேர்ந்தார். அலஸ்காவுக்கு அப்பால் அலூஷியன் தீவுகளில் ஒன்றான அடாக்கில் நிறுத்தப்பட்டார். காற்றும் பனிப்புகாரும் தவிர எதுவுமில்லாத தீவு. 1944 ஜனவரியிலிருந்து அங்கே ‘அடாக்கியன்’ என்ற முகாம் நாளிதழை நடத்தினார். இராணுவத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் வேறு வேறாக வைக்கப்பட்டிருந்த காலத்தில், அவருடைய ஆசிரியபீடத்தில் இரு தரப்பாரும் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். அவருடைய வாழ்க்கையில் மகிழ்ச்சியான காலங்களில் ஒன்று அந்தத் தீவில் கழிந்தது என்று தோன்றுகிறது.

போர் முடிந்து திரும்பியதும் சிவில் உரிமைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் நியூயோர்க் கிளைத் தலைவரானார். 1946இல் தொடங்கப்பட்ட அமைப்பு. தென்மாநிலங்களில் அநியாயமாகத் தூக்குமேடைக்கு அனுப்பப்பட்ட கறுப்பின மக்களுக்காக வழக்காடியது. 1951 டிசெம்பரில், அமெரிக்க அரசு கறுப்பின மக்கள்மீது இனப்படுகொலை புரிகிறது என்று குற்றஞ்சாட்டி ஐக்கிய நாடுகள் சபைக்கு மனுக் கொடுத்தது இதே அமைப்புத்தான். நியூயோர்க்கில் போல் றொப்சனும் பாரிஸில் வில்லியம் பற்றர்சனும் அந்த மனுவைக் கையளித்தார்கள். ஐ.நா. அதை விசாரணைக்கு எடுக்கவில்லை.

இந்த அமைப்புக்கு ஒரு பிணை நிதி இருந்தது. அரசியல் வழக்குகளில் பிடிபடுபவர்களை வெளியே எடுப்பதற்காகப் பலர் கடனாகக் கொடுத்த பணம். நிதியின் நம்பிக்கைப் பொறுப்பாளர்களில் ஹமெற்றும் ஒருவர். 1949 ஒக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேர், அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்கும்படி போதிக்கச் சதி செய்தார்கள் என்று குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். மேன்முறையீடு முடியும்வரை அவர்களைப் பிணையில் எடுத்தது இந்த நிதி. 1951 ஜூனில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. ஜூலை 2ஆம் திகதி சிறைக்குச் சமுகமளிக்க வேண்டியவர்களில் நான்கு பேர் வரவில்லை. அவர்களுக்காகக் கட்டிய 80,000 டொலர் பிணைப்பணம் பறிமுதலானது. பணம் கொடுத்தவர்களின் பெயர் கிடைத்தால் ஒளிந்திருக்கும் இடமும் கிடைக்கும் என்று சொல்லித்தான் பொறுப்பாளர்களைக் கூண்டில் ஏற்றினார்கள். அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் ஆசிரியர், எழுதுவினைஞர், கடைக்காரர் என்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். 1951இன் அமெரிக்காவில் அந்தப் பட்டியலில் பெயர் வருவதென்றால் வேலை போவது என்று பொருள்.

ஹமெற்றோடு இன்னும் மூன்று பொறுப்பாளர்கள் அழைக்கப்பட்டார்கள். கோடீஸ்வர வண்டர்பில்ற் குடும்பத்தின் வழிவந்த ஃபிரெடரிக் ஃபீல்ட், கறுப்பினப் பேராசிரியர் அல்ஃபியஸ் ஹன்ரன், ஏப்னர் கிறீன். யாரும் பெயர் கொடுக்கவில்லை. ஹெல்மன் பின்னர் எழுதிய விவரம் ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. பணம் கொடுத்தவர்களில் ஒருவரின் பெயர்கூட ஹமெற்றுக்குத் தெரியாதாம். அந்த நிதியின் அலுவலகத்துக்குள் அவர் கால் வைத்ததே இல்லையாம். தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டே வீட்டுக்குப் போயிருக்கலாம். அதைக்கூட அவர் சொல்லவில்லை.

நான் குறிப்புப் புத்தகத்தில் சில நேர்காணல்களுக்குப் பெயரை எழுதாமல் முதலெழுத்தை மட்டும் எழுதுவேன். இங்கே சுயாதீனமாக எழுதும் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. அதனால் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். தெரியாது என்ற பதில் ஒருவரைத் தப்பவைக்கும். ஆனால் தெரிந்த அடுத்த ஆள் கூண்டில் ஏறும்போது, தெரியாது என்று சொல்ல முடியாமல் அவர் தனியே நிற்பார். கேள்வி கேட்பவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையே இல்லை என்று எல்லோரும் மறுத்தால்தான், தெரிந்தவரின் மௌனமும் தெரியாதவரின் மௌனமும் ஒன்றுபோலத் தோன்றும். ஹமெற் இப்படி நினைத்துத்தான் செய்தாரா என்பது வேறு. பிங்கர்டனில் இருந்தவருக்கு, ஒரு விசாரணையில் சின்னப் பதில்களும் எப்படிப் பயன்படும் என்பது மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

முதலில் நியூயோர்க்கில் தடுத்து வைத்தார்கள். பிறகு கென்ரக்கி மாநிலத்தின் அஷ்லண்ட் சமஷ்டிச் சிறை. அங்கே அவருக்குக் கொடுத்த வேலை மலசலகூடம் கழுவுவது. அதைச் சுத்தமாகச் செய்ததாகவும், செய்வதில் ஒரு திருப்தி கண்டதாகவும் பின்னர் வேடிக்கையாகச் சொல்லுவாராம். நன்னடத்தைக்காகக் கழித்தது போக, ஐந்து மாதத்தில் விடுதலை. 1951 டிசெம்பர் 9ஆம் திகதி வெளியே வந்தபோது உடம்பு முற்றாகத் தளர்ந்திருந்தது.

வெளியே அவருக்கென்று எதுவும் மிச்சமில்லை. சாம் ஸ்பேட் வானொலித் தொடர் நிறுத்தப்பட்டுவிட்டது. இறைவரித் திணைக்களம் பழைய வரிப்பாக்கி என்று ஒரு லட்சம் டொலருக்கு மேல் கேட்டு, இனி வரும் வருமானம் அனைத்தையும் மறித்தது. 1953 மார்ச்சில் செனற்றர் ஜோசப் மக்கார்த்தியின் குழு அழைத்தது. இராஜாங்கத் திணைக்களம் வெளிநாடுகளில் நடத்திய நூலகங்களில் அவருடைய நூல்கள் இருந்ததுதான் விடயம். கம்யூனிசத்தை எதிர்க்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தால் இத்தகைய நூல்களை வாங்குவீர்களா என்ற பொருளில் மக்கார்த்தி கேட்டார். தான் கம்யூனிசத்தை எதிர்ப்பவனாக இருந்தால் மக்களுக்கு எந்தப் புத்தகத்தையுமே கொடுக்கமாட்டேன் என்ற பொருளில் ஹமெற் பதில் சொன்னார்.

கடைசி ஆண்டுகளை நியூயோர்க் நகருக்கு வெளியே கற்றோனாவில் ஒரு நண்பரின் காணியில் இருந்த சிறிய வீட்டில் கழித்தார். தட்டச்சுப்பொறி மேசையில் இருந்தது. தொடங்கிய நாவல் முடியவில்லை. ஒரு காலத்தில் மற்றவர்களைப் பின்தொடர்ந்தவரை எஃப்.பி.ஐ. பின்தொடர்ந்தது. அவரைப் பற்றிய கோப்பு 200 பக்கங்களைத் தாண்டுகிறது. 1961 ஜனவரி 10ஆம் திகதி நியூயோர்க் வைத்தியசாலையில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். இரண்டு உலகப்போர்களிலும் இராணுவத்தில் இருந்தவர் என்பதால் ஆர்லிங்ரன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இனி அந்த 5,000 டொலர் கதை. அதற்கு இருக்கும் ஒரே சாட்சி ஹெல்மன். அவர் அதை அச்சில் சொன்னது 1976இல், ஹமெற் இறந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு. ஹெல்மனின் நினைவுக்குறிப்புகள் கடுமையாகச் சந்தேகிக்கப்பட்டவை. மேரி மக்கார்த்தி என்ற எழுத்தாளர் 1980இல் தொலைக்காட்சியில் அவரைப் பொய்க்காரி என்று சாடியதும், ஹெல்மன் மானநட்ட வழக்குப் போட்டதும் பெரிய செய்தி. ஹமெற்றும் தன் துப்பறியும் காலத்தைப் பற்றிக் கதைகளை ஊதிச் சொல்லக்கூடியவர்தான். வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் இந்த விடயத்தில் ஒத்துப்போகவில்லை. 1917 கோடையில் அவர் பியூற்றில் இருந்ததைக் காட்டும் ஆவணம் எதையும் எவரும் முன்வைத்ததில்லை.

என்னுடைய கணிப்பு இது. இரண்டு வருட அனுபவம் மட்டுமுள்ள 23 வயதுப் பொடியனிடம் ஒரு பெரிய கம்பனி கொலைக்கு விலை பேசியிருக்கும் என்று நம்புவது கடினம். அந்தத் தொகை அந்தக் காலத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சில வருடச் சம்பளம். ஆனால் சாதாரணமாக ஒரு கதையை ஊதிப் பெருப்பிப்பவர் தன்னை வீரனாக்குவார். இந்தக் கதையில் அவர் வீரன் இல்லை. கொலைக்குக் கூப்பிடக்கூடிய ஆளாக மற்றவர் தன்னைப் பார்த்தார்கள் என்றுதான் சொல்கிறார். மறுத்தேன் என்கிறார், யாரையும் எச்சரித்தேன் என்றோ, வேலையை விட்டேன் என்றோ சொல்லவில்லை. நடந்திருந்தாலும் நடக்காவிட்டாலும், அந்தக் கொலையில் தன் தொழிலுக்கும் பங்கு இருக்கிறது என்ற எண்ணத்தை அவர் சாகும்வரை வைத்திருந்திருக்கிறார். இதை மட்டும் என்னால் நம்ப முடிகிறது.

பிராங்க் லிற்றிலின் கல்லறை பியூற்றில் மவுண்டன் வியூ மயானத்தில் இருக்கிறது. தன் சகதொழிலாளரை ஒன்றுதிரட்டியதற்காக முதலாளித்துவ நலன்களால் கொல்லப்பட்டவர் என்ற பொருளில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். முகமூடி அணிந்து வந்த ஆறு பேரில் ஒருவர் மீதும் ஒருபோதும் வழக்குத் தொடரப்படவில்லை.